கோழி திருப்பித் தந்த மருந்து

"அம்மணி, நீங்க குடுத்த மருந்து போன மாதிரியே வெளிய வந்துருச்சுங்க."

மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் செல்லமுத்து போனை எடுத்ததும் சொன்னது இதுதான். எனக்குப் புரியவில்லை. "எங்கிருந்துங்க வெளிய?" என்றேன். "கோழிக்கு வெளியன்னா வேற எங்கிருந்துங்க வரும்?" என்றார்.

நான் அப்போது சேலம் சூரமங்கலத்தில், கால்நடைகளுக்கு மூலிகை மருந்து தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் லேப் பொறுப்பில் இருந்தேன். கோழிகளின் கழிச்சலுக்கு ஓம எண்ணெய் கொடுப்பது எங்கள் திட்டம். நல்ல சரக்கு, ஆனால் ஓரிடத்தில் நிற்காத சரக்கு. சூடும் காற்றும் பட்டால் பறந்துவிடும். தீவனத்தில் அப்படியே கலந்தால், கோழி வாய் வைப்பதற்குள் பண்ணை ஆட்களின் மூக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் எண்ணெய்க்கு ஒரு சட்டை தைத்தோம். கடல்பாசியில் இருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பிசினோடு எண்ணெயைக் கலந்து, கால்சியம் கரைசலில் துளித்துளியாக விடுவோம். துளி விழுந்ததும் கெட்டிப்பட்டுக் கசகசா அளவு மணியாகிவிடும். பீட்ஸ் என்போம். அது இரைப்பையின் அமிலத்தில் இறுகிக் கிடந்து, குடலுக்குப் போனதும் உப்பி உடைய வேண்டும். ராசிபுரத்தில் கறிக்கோழிகளுக்குக் கொடுத்தபோது ஒழுங்காக உடைந்தது.

எங்கள் எம்.டி. குமரேசனிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமைதான் கிடையாது.

"மேடம், இந்தப் பண்ணையில நம்ம மருந்து நிக்கலீன்னா லேபை மூடிடலாங்க. பேசாம பழையபடி வைட்டமின் பவுடர் மூட்டை கட்டிப் பொழச்சுக்கலாம்."

அந்த லேபை ஒவ்வொரு பீக்கராக வாங்கி அடுக்கியவள் நான்.

வடிகட்டி

அன்றைக்கே மோகனூர் போனேன். செல்லமுத்து கோழி எச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் அலசி, உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். அத்தனையும் என் மணிகள். பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

"கோழிக்குப் பிளாஸ்டிக்கைப் போட்டு உட்டீங்களாட்ட இருக்குதுங்களே?"

"ஐயோ, கடல்பாசிங்க அது. நானே திங்கறேன் பாருங்க" என்று பையிலிருந்த சாம்பிளில் கொஞ்சம் வாயில் போட்டுக் கடித்தேன். நாக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மனைவி சரஸ்வதி ஓடிப்போய் மோர் கொண்டு வந்தார். கையோடு வடிகட்டியைக் காட்டி, "இது இனிமே ஊட்டுக்குள்ள வரக்கூடாது, சொல்லிப்போட்டேன்" என்று கணவரிடம் சண்டையும் பிடித்தார்.

செல்லமுத்து சிரிக்கவில்லை. "எனக்கு ஆன்டிபயாடிக் போட மனசில்லீங்க. முட்டை வாங்கறவங்களும் வேண்டாங்கறாங்க. ஆனா கோழி கழிஞ்சுகிட்டே இருந்தா நான் என்னங்க பண்ணுவேன்? இன்னும் ஒரு தடவைதாங்க உங்க மருந்தைப் பாப்பேன்."

வெளியே மிக்சரில் தீவனம் ஓடிக்கொண்டிருந்தது. மக்காச்சோளம், சோயா, அதன்மேல் ஒரு மூட்டைக் கிளிஞ்சல் தூளைக் கொட்டினார்கள். வெள்ளையாகப் புகை கிளம்பியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். முட்டையிடும் கோழிக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். கறிக்கோழித் தீவனத்தில் இவ்வளவு சுண்ணாம்பு கிடையாது.

இரண்டு பீக்கர்

அந்தத் தீவனத்தில் ஒரு பை வாங்கிக்கொண்டு லேபுக்கு வந்தேன். குடலில் இருப்பது போன்ற கரைசலை இரண்டு பீக்கரில் எடுத்தேன். ஒன்றில் வெறும் மணிகள். இன்னொன்றில் மணிகளோடு, அமிலத்தில் ஊறவைத்த மோகனூர்த் தீவனம். முதல் பீக்கரில் மணிகள் உப்பி உடைந்து லேபே ஓமம் மணத்தது. இரண்டாவதில் கூழாங்கல் போல உட்கார்ந்திருந்தன.

விஷயம் இவ்வளவுதான். கிளிஞ்சல் இரைப்பையின் அமிலத்தில் கரைகிறது. நான் வாளியில் கலக்கும் அதே கால்சியம் கரைசலைக் கோழி தன் வயிற்றுக்குள்ளேயே கலக்கி, என் மணிகளை இன்னும் கெட்டிப்படுத்தி அனுப்பியிருக்கிறது. என்னைவிட நல்ல தயாரிப்பு!

ஆல்ஜினேட்டைப் பாதிக்கு மேல் குறைத்தேன். அந்த இடத்தில் கோழியே செரித்து உடைக்கக்கூடிய ஸ்டார்ச் வேண்டும். சேலத்தில் இருந்துகொண்டு அதற்கு அலைய வேண்டுமா? ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியில் இருந்து மரவள்ளி மாவு வந்தது. முதல் பேட்ச் பசையாகி, துளி விடும் குழாய்முனையை அடைத்தது. அடுத்ததில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஜவ்வரிசிப் பாயசமாக நின்றன. குமரேசன் எட்டிப் பார்த்து, "முந்திரி போடலீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாவைப் பதமாகக் காய்ச்சி ஆற வைத்த பிறகுதான் மணி மணியாக விழுந்தது. கிளிஞ்சல் பீக்கரிலும் உடைந்தது.

பண்ணையில்

புது பேட்ச் கொடுத்து ஒரு வாரம் கழித்து மோகனூர் போனேன். கூண்டுகளுக்குக் கீழே எச்சம் கெட்டியாக விழுந்திருந்தது. கழிச்சல் நின்றிருந்தது. ஆனால் மருந்து உடைந்ததா என்று பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. உட்கார்ந்து அலசினேன். சல்லடையில் உமி இருந்தது, கிளிஞ்சல் துணுக்கு இருந்தது. மணி ஒன்றுகூட இல்லை. மருந்து கொடுத்திருந்த இன்னொரு ஷெட்டிலும் அள்ளி அலசினேன். இல்லை.

புதிதாக லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மருந்தைப் பற்றி எல்லாம் படித்துவிட்டு வருகிறீர்கள், சந்தோஷம். அதைத் தின்னும் உயிர் அதோடு சேர்த்து வேறு என்ன தின்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அன்றைக்கு எனக்கு இந்த அறிவுரையெல்லாம் தோன்றவில்லை. கையெல்லாம் எச்சத்தோடு உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். செல்லமுத்து குனிந்து சல்லடையைப் பார்த்தார்.

"எங்கீங்க உங்க மணி?"

"காணோமுங்க!"

"பொருளைக் காணோம்னு இப்படிச் சிரிக்கற ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றவர், மிக்சர் பக்கம் திரும்பிக் கத்தினார்: "டேய், எல்லா ஷெட்டுக்கும் இந்த மருந்தையே கலக்கச் சொல்லு!"