பால் சங்கச் சுவரில் நான் கண்ட எல்லைக்கோடு

எழுபத்து நாலில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து மீனாட்சிபுரத்தில், பால் சங்கச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்குக் கொஞ்சமும் தெரியாத ஒரு விஷயத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசினேன். அப்படிப் பேசுவது எனக்குப் புதிதல்ல. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். 'தெரியாது' என்று சொன்னால் இதுவரை படித்த புத்தகங்களெல்லாம் கோபித்துக்கொள்ளும் என்று நம்புகிறவன். ஆனால் அந்தத் தடவை என் பேச்சால் ஒரு நல்ல ஓவியம் சுண்ணாம்புக்குள் போய்விடப் பார்த்தது.

அதை வரைந்தவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டிராயிங் டீச்சர். குமுளிக்காரர். அப்பா தமிழர், அம்மா மலையாளி. வடக்கே ஒரு கல்லூரியில் நவீன ஓவியம் படித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கிளியும் மாம்பழமும் வரையச் சொல்லித்தர வந்திருந்தார். பெரிதாக ஒரு படம் வரைய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு ஒரு சுவர் தேவைப்பட்டது. பால் சங்கத் தலைவருக்கோ, தன் சுவரைத் தேர்தல் போஸ்டர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு வழி தேவைப்பட்டது.

"என்னமோ பண்ணிக்கங்க அம்மிணி. போஸ்டர் ஒட்ட மட்டும் எடம் உட்றாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

ஓணம் விடுமுறையில் ஆரம்பித்தார் டீச்சர். காவி, சுண்ணாம்பு, துணிக்குப் போடும் நீலம், அடுப்புக்கரி, எதையோ அரைத்து எடுத்த ஒரு பச்சை. இவ்வளவுதான் சாமான். படத்தில் மாடு இல்லை, மனிதர் இல்லை, சாமியும் இல்லை. பெரிய பெரிய வண்ணத் திட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் அதன் அடியில் வரிசையில் நின்று ஊர்க்கதை பேசினார்கள். "கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குது" என்றார் ஒரு அம்மா. அதோடு விமர்சனம் முடிந்தது. அப்படியே விட்டிருக்கலாம்.

ஒருநாள் வரிசையில் நின்ற ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நீங்க படிச்சவங்க. இது என்னதுங்க?"

சொன்னேன். அந்தச் சிவப்பு, தமிழரின் செம்மண். இந்தப் பச்சை, மலையாள நாடு. நடுவில் கோணலாக ஓடுகிறதே கறுப்பு, அதுதான் எல்லைக்கோடு. பல மொழிகள் வாழும் ஒரு தேசத்தின் பண்பாட்டு அடையாளத்தைக் கலைஞர் இங்கே தேடுகிறார். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகத் தோன்றியது.

மறுநாள் காலை பால் வரிசை இரண்டாகி நின்றது.

"செவப்பு ஏனுங்க இத்துனூண்டு? நாங்க என்ன இங்க வாடகைக்கா குடியிருக்கறோம்?" என்றார் ஒருவர்.

"அதெந்தா சாரே, எங்க பச்சை மட்டும் தாழே கிடக்குது?" என்றார் பக்கத்து ஊரான பெருமாட்டியிலிருந்து பால் கொண்டுவரும் மலையாளி விவசாயி.

வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பெரியவர், தங்களை அடியோடு விட்டுவிட்டதாக என்னிடம் முறையிட்டார். நீலத்தை அவருக்குக் கொடுத்தேன். அது பத்தாது என்றார். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்று ஒரு சமரசத் திட்டம்கூட வந்தது. கடைசியில், "உங்க பாலை நீங்க தனியா ஊத்திக்கங்க" என்று யாரோ சொன்னதும் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. "தைப்பொங்கலுக்கு எல்லா ஊட்டுக்கும் வெள்ளையடிக்கறப்ப இதுக்கும் அடிச்சிர்றேன். யாருக்கும் எதும் வேண்டாம்" என்றார்.

டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தால், ஆச்சரியப்பட்டார்.

"என்ன வரையறேன்னு எனக்கே இன்னும் தெரியல சாரே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அந்த எல்லைக்கோடு…" என்று இழுத்தேன்.

"அது செவுத்துல விரிசல்."

கொத்தனார் சரியாகப் பூசாததை வைத்து நான் இரண்டு மாநிலங்களைப் பிரித்திருந்தேன்.

"எங்க வீட்டில அம்மா மலையாளத்தில திட்டும், அப்பா தமிழ்ல சமாதானம் சொல்லுவார். நான் எங்க போய்க் கோடு போடறது?" என்றார். தலைவரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நீங்க இனிமே பேச வேண்டாம். செவுரு அவங்களது" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். படத்தின் ஒரு மூலை இன்னும் பாக்கி இருந்தது.

அழியப்போகிறது என்று தெரிந்தும் அந்த மூலைக்கு அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பேசத் தடை இருந்ததால் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கிட்டத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, சிவப்புக்கு அடியில் நீலம் இருந்தது. பச்சைக்கு அடியில் சிவப்பு இருந்தது. எந்த நிறமும் தனியாக அந்த நிறமாகவில்லை. மறுநாள் வரிசையில், நான் சொன்னதெல்லாம் தப்பு, அது வெறும் விரிசல் என்று அறிவித்தேன். "பயந்துட்டு மாத்திப் பேசறாருங்க" என்றார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை தலைவரே சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக ஏணியில் ஏறினார். வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. டீச்சரும் பால் வாங்கத் தூக்குப்போசியோடு நின்றிருந்தார். இடது ஓரத்திலிருந்து மட்டை சரக் சரக்கென்று வந்தது. படத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்றது. தலைவர் இறங்கினார். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு படத்தைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். மேலேயும் கீழேயும் அடித்தார். சுற்றிலும் புது வெள்ளை வந்ததும் நடுவில் அந்த நிறங்கள் அப்போதுதான் பூசியதுபோல எழுந்து நின்றன. டீச்சர் போசியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரிசை நகர்ந்தது, ஒரே வரிசையாக.

நம் பண்பாடு எது என்று யாராவது மேடையில் விளக்கும்போதெல்லாம், அந்த விளிம்பில் நின்ற மட்டைதான் இன்றைக்கும் என் நினைவுக்கு வருகிறது. ஆனால் அன்று அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. கலையைப் பற்றியும் தேசத்தைப் பற்றியும் தலைவர் ஏதாவது சொல்வார், கட்டுரைக்கு ஆகும் என்று, ஏன் அழிக்கவில்லை என்று அவரிடமே கேட்டேன்.

அவர் மட்டையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "படத்து மேல ஒண்ணும் கொறையில்லீங்க. வெள்ளையடிக்கோணும்னா உங்க வாய்க்குத்தான் அடிக்கோணும். அத்தனை சுண்ணாம்புக்கு நான் எங்கீங்க போறது?"