மணப்பெண் அளந்த வெளிச்சம்

மன்னூபியா முப்பத்து நான்கு ஆண்டுகள் வெளிச்சத்தை அளந்தாள். துனிஸ் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து லக்ஸ் மீட்டருடன் கிளம்பி, அறுவைச் சிகிச்சை அறை, மீன் ஏலக் கூடம், பந்தாட்ட மைதானம் என்று நாடு முழுக்கப் போவாள். விளக்கின் கீழே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று எண்ணால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். "நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "கண்ணை நம்பாதீங்க. இருட்டுன்னா இருட்டுக்குப் பழகிக்கும், வெயில்னா வெயிலுக்குப் பழகிக்கும். அதுக்கு ரோஷமே கிடையாது" என்பாள். சென்ற பிப்ரவரியில் அவள் காலமானபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசிச் சிரித்தது அவளுடைய கல்யாணக் கதையைத்தான்.

அது 1983, மே மாதக் கடைசி. அவளுக்கு இருபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை, சொந்த ஊரான மஹ்தியாவில் கல்யாணம். அளவுத்தாளில் தன் பெயரைக் கையெழுத்திடும் உரிமை அவளுக்குக் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் கையெழுத்திட்டதில்லை. தலைவர் ஷெத்லி அதைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "ஒரே ஒரு தாள் தப்புன்னு வந்தா போதும்மா, மறுபடியும் நீ ஃபைல் அடுக்க வேண்டியதுதான்." அவர் விளையாட்டுக்குச் சொல்லும் ஆள் இல்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று மீட்டர் பெட்டியையும் அவர்தான் கையில் திணித்தார். மஹ்தியா பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு வாசிப்பறை கட்டியிருந்தார்கள். மேசை மட்டத்தில் சராசரி ஐந்நூறு லக்ஸ் இருந்தால்தான் அதைத் திறக்கலாம். "எப்படியும் அங்கதானே போற? அரை மணி நேர வேலை" என்றார்.

வெளிச்சம் அளப்பவர்கள் கறுப்பு மேலங்கிதான் போடுவார்கள். வெளுத்த துணி உடுத்தி நின்றால், விளக்கொளி அதில் பட்டுத் திரும்பி மீட்டரின் மேல் விழும். இல்லாத வெளிச்சம் இருப்பதாக முள் காட்டும். மன்னூபியா தன் அங்கியை மடித்துத் துணிப்பெட்டியில் வைத்துத்தான் வந்திருந்தாள். ஆனால் ஊரில் அந்தப் பெட்டியைத் திறந்தது தூஜா பெரியம்மா. கல்யாணத்துக்குத் தன்னைத் தானே தளபதியாக நியமித்துக்கொண்டவர். "கல்யாண வீட்டுக்குள்ள கறுப்பா? யாரு செத்துட்டாங்க?" என்று அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், தெருவில் போன கரி வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை மணப்பெண்ணை ஊர்ப் பொதுக் குளியல்கூடமான ஹம்மாமுக்குக் கூட்டிப் போகும் நாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பட்டு சஃப்சாரிப் போர்வையில் சுற்றி, முன்னும் பின்னும் பெண்கள் வாளியோடு நடக்க, ஊர்வலம் பள்ளிக்கூட வாசலைக் கடந்தது. தலைமையாசிரியர் லரூஸி கேட்டருகே காத்திருந்தார்.

"மன்னூபியா! ஜன்னலுக்கெல்லாம் போர்வை அடிச்சாச்சு. விளக்கைப் போட்டு ஒரு மணி நேரமாச்சு. நீ குளிச்சுட்டு வந்தா அப்புறம் உன்னை வெளிய விட மாட்டாங்க. இப்பவே முடிச்சுக் குடுத்துரும்மா."

அவர் சொன்னது உண்மை. ஹம்மாமிலிருந்து திரும்பிவிட்டால் கல்யாணம்வரை பெண்ணின் முகத்தில் வெயில் படக் கூடாது. மீட்டர் பெட்டியை ஊருக்கு வந்த அன்றே பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைத்திருந்தாள். அவள் உள்ளே ஓடினாள். சாக்பீஸால் இருபத்து நான்கு புள்ளிகள் குறித்தாள். நழுவும் சஃப்சாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மீட்டரை வைத்து, குனிந்து குனிந்து படித்தாள். சராசரி ஐந்நூற்று ஒன்பது. கையெழுத்துப் போட்டாள். அப்போதே கிளம்பிய பேருந்தில் தாள் துனிஸுக்குப் போய்விட்டது.

ஹம்மாமின் குவிமாடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துளைகள் உண்டு. ஒன்றின் வழியாக வந்த வெயில், பெரியம்மா மடியிலிருந்த வெள்ளைத் துண்டின் மேல் விழுந்தது. பெரியம்மாவின் மோவாய் கீழிருந்து பளபளவென்று ஒளிர்ந்தது. மன்னூபியா துள்ளி எழுந்தாள்.

"என்னடி, சோப்பு கண்ணுல போயிருச்சா?"

"பெரியம்மா, நான் வெள்ளைத் துணியோட அளந்துட்டேன்!"

"யாரை?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளி காலையில், மருதாணி சிவந்த கைகளுடன், கதவடைத்த அறையில் அக்காள் ஹயேத்திடம் மட்டும் சொன்னாள். ஹயேத் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு மூணு லக்ஸ் கூடக் குறைய இருக்கும். யாரு வந்து மறுபடி அளக்கப் போறா? நீ வாயைத் திறந்தேன்னா உன் வேலையை நீயே கெடுத்துக்குவ."

"ரெண்டா, மூணா, முப்பதான்னு எனக்கே தெரியலையே அக்கா. தெரியாத எண்ணுக்குக் கீழ என் பேரு இருக்கு. இன்னைக்கே திரும்ப அளக்கணும்."

வாசற்படியில் பெரியம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "வெயில்ல போறதா இருந்தா என்னைத் தாண்டிப் போ. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து, என்ன இது, அடுப்புல வாட்டின மாதிரி இருக்கான்னு கேக்கட்டும்."

"பெரியம்மா, நான் போற இடத்துல வெயிலே கிடையாது. ஜன்னல் பூராப் போர்வை. இந்த ஊர்லயே அதைவிட இருட்டான அறை இருந்தா சொல்லுங்க, அங்கேயே உக்காந்துக்கிறேன்."

பெரியம்மா யோசித்தார். நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். "சரி, போற வழிக்கு என்ன பண்ணுவ?"

போகிற வழிக்குக் கம்பளியைப் பிடித்தார்கள். நான்கு மூலைக்கு நான்கு பெண்கள், நடுவில் மன்னூபியா. கறுப்பு அங்கிக்கு ஹயேத் வழி கண்டாள். அவள் கணவர் வக்கீல். அவருடைய நீதிமன்ற அங்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றிவிட்டு மன்னூபியா மாட்டிக்கொண்டாள். அங்கியின் கை அவளுக்கு இரண்டு சாண் கூடுதல். "எங்கயாவது வாதாடிட்டு வந்துராத" என்றார் வக்கீல். கம்பளி ஊர்வலத்தைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரி தர்புக்கா மேளத்தை எடுத்துக்கொண்டு கொட்ட வந்துவிட்டாள்.

வாசிப்பறையில் விளக்குகள் சூடேறும்வரை காத்திருந்தாள். எல்லோரும் வெளியே நிற்கவேண்டும் என்றாள். பெரியம்மா அசையவில்லை.

"நான் எதுக்குப் போகணும்? நான் என்ன விளக்கா?"

"உங்க வளையல் விளக்கைவிட ஜாஸ்தி மின்னுது பெரியம்மா. தாழ்வாரத்துக்குப் போங்க."

எண்களை ஹயேத் தூர நின்று எழுதினாள். மன்னூபியா இந்த முறை கையை முழுக்க நீட்டி, உடம்பை ஒதுக்கி, ஒவ்வொரு புள்ளியாகப் படித்தாள். கூட்டி வகுத்தபோது நானூற்று எண்பத்தேழு.

லரூஸியின் முகம் தொங்கிப்போனது. "வெறும் பதிமூணு லக்ஸ்தானேம்மா? எந்தப் பையனுக்குத் தெரியப் போகுது? பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கு. வீட்டுல படிக்க இடமில்லாத பிள்ளைங்க இந்த அறையை நம்பித்தான் இருக்கு."

"அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன் சார். இதுக்குக் கையெழுத்து இல்ல."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். விளக்கு மூடிகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். பூச்சு வேலைக்காரர்கள் போனபிறகு அவற்றை யாரும் தொடவே இல்லை. மாவு தூவியதுபோல் சுண்ணாம்புத் தூசி படிந்திருந்தது.

"ஏணி இருக்கா சார்?"

அதற்குமேல் தளபதிக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. தூஜா பெரியம்மா பாவாடையைத் தூக்கிச் செருகினார். மூடிகள் ஒவ்வொன்றாய் இறங்கின. கல்யாண வீட்டு வாளிகள் வந்தன, துண்டுகள் வந்தன. முற்றத்தில் பதினோரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தர்புக்கா தாளத்துக்குப் பாடிக்கொண்டே கழுவினார்கள். லரூஸி ஏணியைப் பிடித்துக்கொண்டார். "அழுத்திப் பிடிங்க, பிள்ளைங்க காதைத் திருகறதுல இருக்கிற பலம் இதுல இல்லையே" என்று பெரியம்மா மேலேயிருந்து அதட்டினார்.

மதியம் தாண்டி மறுபடியும் அளந்தாள். ஐந்நூற்று இருபத்தெட்டு.

முற்றத்தில் குலவைச் சத்தம் கிளம்பியபோது மன்னூபியா தலைமையாசிரியர் அறையில் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தாள். புதுத் தாள் கையெழுத்தாகிவிட்டது. பழைய தாளைப்பற்றிச் சொல்லாமல் இதை அனுப்ப முடியாது. துனிஸ் இணைப்பு கிடைத்தது.

"சார், நேத்து அனுப்பின தாள் தப்பு. வெள்ளை சஃப்சாரியோட அளந்துட்டேன். நிஜமான எண் நானூத்தி எண்பத்தேழு. மூடியெல்லாம் கழுவின பிறகு ஐந்நூத்தி இருபத்தெட்டு."

"பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லி ஷெத்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க அவள் சாப்பிடவில்லை. கல்யாணப் பயம் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

ஞாயிறு சாயங்காலம், பொற்சரிகை உடையில் திரும்பக்கூட முடியாமல் மாப்பிள்ளை அம்மார் பக்கத்தில் அவள் மேடையில் உட்கார்ந்திருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷெத்லி வந்தார். கையில் மீட்டர் பெட்டி. நேரே பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறார் என்று பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்தது.

"ஐந்நூத்தி இருபத்தாறு" என்றார், வாழ்த்துக்கூடச் சொல்லாமல்.

"எனக்கு ஐந்நூத்தி இருபத்தெட்டு சார்."

"என் மீட்டர் பழசு." சட்டைப்பையிலிருந்து வியாழக்கிழமைத் தாளை எடுத்தார். "இருபத்தொரு வருஷமா எத்தனையோ பேரோட தப்பை நான் பிடிச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டவங்களே கூப்பிட்டுச் சொல்லி ஒருத்தரையும் பாத்ததில்ல. இதை உன் கையாலேயே ரத்து பண்ணிரு. லீவு முடிஞ்சு வந்ததும் சூஸ் நகரத்து ஆஸ்பத்திரியை அளக்க வேண்டியிருக்கு, நீதான் போகணும், நீதான் கையெழுத்து."

அவள் இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டாள். "என்னங்க, வேலை போச்சா?" என்று அம்மார் பயந்துபோய்க் கேட்டார். இல்லை என்று தலையாட்டியதில் நெற்றிச் சுட்டிகள் கலகலத்தன.

அம்மார் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி, மருதாணிக் கையால் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதி, கீழே தன் பெயரைத் தெளிவாகப் போட்டாள். மணப்பெண் எதிலோ கையெழுத்திடுவதைத் தூரத்திலிருந்து பார்த்த பெண்கள், கல்யாண ஒப்பந்தம்தான் என்று நினைத்து ஒரே குரலில் குலவையிட்டார்கள். வாத்தியக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "மேடையில ஆபீஸ் நடத்துனது போதும், மீன் குஸ்குஸ் ஆறிப்போகுது" என்று தூஜா பெரியம்மா ஷெத்லியின் முழங்கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார்.