தவளை போன கப்பல்

தண்டலத்தில் ஒன்றரைக் காணி நெல்வயல் வைத்திருந்த கோதண்டம், தவளை மாதிரியே கத்துவார். நிஜத் தவளை ஏமாந்து பதில் கத்தும். சத்தம் வந்த இடத்தில் கை போட்டுப் பிடித்துவிடுவார்.

எழுபத்தெட்டில் மதராஸ் ஏஜெண்ட் ஒருவன் அந்தத் தவளைகளைக் கோணிக்கணக்கில் வாங்கினான். தவளைத் தொடை வெள்ளைக்காரன் தட்டுக்குக் கப்பலேறுகிறது, நாட்டுக்கு டாலர் வருகிறது என்றான். விதைக்காமல் விளைந்ததை விற்பதில் என்ன நஷ்டம் என்று கோதண்டத்துக்கும் தோன்றிற்று.

நாலே வருஷத்தில் வயல் ஊமையாகிவிட்டது. தின்ன ஆளில்லாத புகையான் பூச்சி பெருகி, பச்சைப் பயிரைக் கருக்கித் தள்ளியது. அவர் ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடிப்போய் மருந்து டின் வாங்கி வந்தார்.

டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனைவி செங்கமலம், “இது எந்த ஊரு மருந்து?” என்றாள்.

“சீமைச் சரக்கு. கப்பல்ல வந்துகீது.”

“நம்ம தவளை போச்சே, அந்தக் கப்பலா?”

அவர் டின்னை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனார். அந்த மருந்து, தப்பியிருந்த தலைப்பிரட்டைகளையும் கொன்றது.

எண்பத்தேழில் தவளை ஏற்றுமதிக்குச் சர்க்கார் தடை போட்டது. அந்த வருஷம் முதல் மழை பெய்த சாயங்காலம், கோதண்டம் வரப்பில் குந்திக்கொண்டு தொண்டை வலிக்கக் கத்தினார். இந்த முறை பிடிப்பதற்கல்ல.

கத்திவிட்டுக் காது கொடுத்தார். வாய்க்காலில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.