மானுக்கு விதைத்த ஐந்து பாத்திகள்

காவலூரிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் நிலம் வரும். இரண்டு ஏக்கர், கீழ் ஓரத்தில் வீடு. மேல் வரப்பைத் தாண்டினால் காடு. அந்த ஆண்டு சாமை நன்றாக வந்திருந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் புள்ளிமான்கள் இறங்கின. நான்கே நாளில் மேல்பக்கம் கால்பங்கு போயிற்று. தகரம் தட்டினேன், பழைய புடவைகளை வரிசையாகக் கட்டினேன். எதற்கும் அவை அசையவில்லை. ஐந்தாம் நாள் மாலை, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் எடுத்து, மேல் வரப்பு நீளத்துக்கும் கட்டுக்கம்பி இழுத்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

விடிவதற்குள் போய் நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அவள் மாட்டுக்குப் புல் அறுக்க அரிவாளோடு மேல் வரப்புப் பக்கம் போயிருந்தாள்.

எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. சுவிட்சை இறக்கியது நினைவிருக்கிறது. அப்புறம்தான் மேலே பார்க்கத் துணிவு வந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தடி முன்னால், கம்பியின் மேல் ஒரு பெட்டை மான் கிடந்தது. பக்கத்தில் அதன் குட்டி. எங்களைக் கண்டும் ஓடவில்லை. தாயின் மடியை மோந்து மோந்து பார்த்தது.

"அது முன்னாடி வரலன்னா நான் மிதிச்சிருப்பேன்," என்றாள் அவள். கத்தவில்லை, அழவில்லை. "தெரியுதா உனக்கு?"

புதைத்துவிடலாம் என்று தோன்றியது. மறைப்பானேன், கடப்பாரையைக்கூட எடுத்துவிட்டேன். குட்டி அங்கேயே நின்றது. "இது இன்னா ஆவும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் வனக்காவலருக்குப் போன் செய்தேன். அவர் வண்டியில் வந்தார். திட்டவில்லை. குட்டியை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட வரச் சொன்னார்.

இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தேன். குட்டி பால் குடிக்காமல் மூன்றாம் நாளே செத்துப்போனதை அவள்தான் சொன்னாள். அதன் பிறகு பல மாதம் எங்களுக்குள் பேச்சு என்பது சோற்றைப் பற்றியும் மாட்டைப் பற்றியும்தான். மேல் வரப்புப் பக்கம் அவள் போவதே இல்லை. புல்லுக்குச் சுற்றிக்கொண்டு ஓடைப்பக்கம் போனாள். நானும் போ என்று சொல்லவில்லை.

மறு ஆடியில் உழவு ஓட்டி முடித்த அன்று, அவளாகவே பேசினாள்.

"மான் வராம இருக்காது. அது எத ஆசையா துன்னுதுன்னு பாத்து, அதயே மேல போட்டா இன்னா? அங்கயே நின்னுடாதா?"

நிற்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் பேசியதே போதுமாக இருந்தது. மறுநாள் ஆலங்காயம் போய்க் காராமணி, கொள்ளு, எள், வேலிமசால் விதை வாங்கி வந்தேன். வேலிமசால் ஆட்டுக்குப் போடுகிற தீவனம், கடிக்கக் கடிக்கத் துளிர்க்கும். கேழ்வரகு வீட்டிலேயே இருந்தது. மேல் வரப்பை ஒட்டி ஐந்து பாத்தி. பாத்திக்கு ஒரு பயிர். முளைத்து நாலு இலை விட்டதும் ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் கோழி கவிழ்க்கிற கூடையைக் கவிழ்த்து, மேலே கல் வைத்தோம். கூடைக்குள் மான் வாய் வைக்க முடியாது. உள்ளே இருக்கும் பயிரையும் வெளியே இருக்கும் பயிரையும் சாண் போட்டுப் பார்த்தால் தின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதுவும் அவள் யோசனைதான்.

கூடைகளைப் பார்த்துவிட்டு வனக்காவலர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாப்பா இது? தீனி போட்டு மான இழுக்கிறியா? ஒரு கேஸு பத்தாதா?"

"கம்பி இல்ல சார். கண்ணி இல்ல. நீங்க எப்ப வேணாலும் வந்து பாருங்க."

நம்பவில்லை. முட்டி போட்டுக் கூடை ஒவ்வொன்றையும் தூக்கி, கீழே மண்ணைக் கிளறிப் பார்த்தார். அது நியாயம்தான். வாரம் தவறாமல் வந்தார். சில வாரம் கழித்து, மண்ணைக் கிளறுவதை விட்டுவிட்டு, "இந்த வாரம் எது மொட்ட?" என்று கேட்க ஆரம்பித்தார்.

முதலில் மொட்டையானது காராமணி. கொழுந்தைக் கிள்ளியதுபோல் தின்றிருந்தன. கூடைக்குள் ஒன்றரைச் சாண், வெளியே நாலு விரல். கேழ்வரகை இளசில் கடித்தன, தண்டு முற்றியதும் விட்டுவிட்டன. கொள்ளுப் பாத்தியை ஒரு மானும் சீந்தவில்லை என்று நினைத்தேன். காய் பிடித்த வாரத்தில் ஒரேயடியாகக் காலியானது. வேலிமசாலைத் தினமும் கொஞ்சம் கடித்தன, அது தினமும் கொஞ்சம் வளர்ந்தது. எள்ளை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

ஒரு காலையில் அளப்பதற்குப் போனபோது, மேல் வரப்பின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். காராமணியில் ஏழு மான்கள். அதில் இரண்டு குட்டிகள். வெகுநேரம் இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். மான்கள் போன பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ ஓடியாந்தப்ப எனக்காவ வந்தியா, கேஸுக்குப் பயந்து வந்தியா?" என்று கேட்டாள். ஓராண்டாக அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். உனக்காகத்தான் என்றேன். அவள் எழுந்தாள். சாண் போட வந்தாள்.

சாமை முழுசாகத் தப்பியது என்று சொன்னால் பொய். கொள்ளு தீர்ந்த வாரத்தில் இரண்டு முறை கீழே இறங்கின. ஓரம் போனது, மிச்சம் வீடு வந்தது. இப்போது காராமணியைப் பதினைந்து நாள் விட்டு விட்டு விதைக்கிறோம். சாமைக்கு முன்னால் நாலு வரிசை எள். மழை பொய்த்தால் எதுவும் நிற்பதில்லை.

போன புரட்டாசியில் கீழ்நிலத்துப் பங்காளி கம்பிச் சுருளோடு வந்தார். "கொட்டாயிலருந்து எப்டி இழுத்த? அத மட்டும் சொல்லு," என்றார். நான் சொல்லவில்லை. மான் கிடந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய், என் மனைவி எங்கே நின்றாள் என்று காட்டினேன். இரண்டுக்கும் நடுவே அவரை நடக்கச் சொன்னேன். பத்தடிதான். நடந்தார். திரும்பி வந்து, "உன் பாத்தியெல்லாம் எனக்கு ஆவாதுப்பா, என்கிட்ட அவ்ளோ நெலம் இல்ல," என்றார். அதுவும் உண்மை. கம்பிச் சுருளைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் கம்பி கட்டவில்லை. என் பேச்சாலா, கேஸுக்குப் பயந்தா என்று தெரியாது. அவர் நிலத்தில் பாதிச் சாமை மானுக்குப் போனது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு அவளும் என்னோடு பஸ் ஏறுகிறாள்.