ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர்

கடல் ஊருக்குள் ஏறி வந்துபோன பிறகு, எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் தரையில் வைப்பதில்லை. பின்சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்து, ஆள் உயரத்தில் ஒரு பலகை போட்டிருந்தார் அப்பா. ரேஷன் அட்டை, மாதா படம், படத்தின் முன்னால் எண்ணெய் விளக்கு, என் சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான். நான் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும்போது பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அதன் பெட்டியையும் அம்மா பலகையில்தான் ஏற்றினாள். மானிட்டர் மட்டும் கீழே மேசையில்.

"உயரமாட்டு இருந்தாத்தான் எனக்கு ஒறக்கம் வரும் மக்கா."

வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு அந்தப் பெட்டியும் என் சான்றிதழ்களும் ஒரே இனம்.

கடைசிப் பருவத்தில் ஒரு புராஜெக்ட் செய்து, அதைச் சிடியில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. எங்கள் மாதா கோயில் பங்கு நூலகத்துக்குப் புத்தகங்களைத் தேடித் தரும் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சில நேரம் பறக்கும். சில நேரம் ஒரு கோப்பைத் திறக்கவே பத்து நிமிடம் எடுக்கும். ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், திரை உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் சிடி எழுதினால் பாதியில் கெட்டுப்போகும்.

கெட்ட சிடிகளை அம்மா வீணாக்கவில்லை. முற்றத்தில் காயப்போட்ட நெத்திலிக்கு மேலே கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள். வெயிலில் அவை மின்ன, காக்கை கிட்டே வருவதில்லை.

தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். வைரஸ் தேடினேன். கோப்புகளை ஒழுங்குபடுத்தினேன். டிஸ்க்கின் கேபிளை மாற்றினேன். ஒன்றும் தேறவில்லை. பெட்டியைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கோட்டாற்றில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

"தம்பி, இது கல்லு மாதிரி இருக்கு. ஒங்க வீட்டுக்குத்தான் பேய் புடிச்சிருக்கு" என்றார்.

"அண்ணே, வீட்டுல சத்தியமா நின்னு போவுது."

"அப்ப டிஸ்க்கு சாவப்போவுதுன்னு அர்த்தம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாட்டு போட்டுப் பாரு."

அழித்தால் புராஜெக்டும் போகும். முடியாது என்று பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எந்த நாள், எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குச் சரியானது. வேறு ஒன்றும் தோன்றவில்லை, அதனால் எழுதினேன்.

சிடி கொடுக்க வேண்டிய கடைசி நாள் வியாழன். புதன் மத்தியானம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு குறிப்பும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"பின்ன? அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்தாச்சு போல. ஞாயிற்றுக்கெழம கடலுக்கே யாரும் போவமாட்டாவ, ஒனக்கு மட்டும் என்னலே அண்ணைக்கு வேல?" என்று சிரித்தாள்.

ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. மீன் வராது. மீன் வராவிட்டால் எங்கள் பின்சுவரை ஒட்டிய கொட்டகையில் ஐஸ் பொடிக்கிற மெஷின் ஓடாது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் அது. அதனாலேயே என் காதில் விழவில்லை.

அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து பலகையைப் பார்த்தேன். மாதா படத்தின் முன்னால் விளக்கில் எண்ணெய் சின்னச் சின்ன வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது. பெட்டிமேல் கையை வைத்தேன். அதிர்வில் உள்ளங்கை கூசியது. டிஸ்க்குக்குள் ஊசி மாதிரி ஒன்று மயிரிழை இடைவெளியில் ஓடிப் படிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் அது தடுமாறித் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

நோட்டை மறுபடி பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டர் சீக்கிரமே சரியாகிவிட்டதாக நான் சந்தோஷமாகக் குறித்த வேலைநாட்களெல்லாம், அப்பா வெறும் வலையோடு கரையேறிய நாட்கள்.

"அம்மா, இதக் கீழ எறக்கணும்."

"தரையிலயா? கொன்னுருவேன். அண்ணைக்கு என்னெல்லாம் போச்சுன்னு மறந்திட்டியா?"

மறக்கவில்லை. என் எட்டாம் வகுப்புப் புத்தகங்களை உப்புத் தண்ணீரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைத்தவள் அவள். மேற்கொண்டு வாதாடவில்லை. அப்பா கழித்துப் போட்டிருந்த பழைய நைலான் வலையை முற்றத்திலிருந்து எடுத்துவந்து, தலையணை தடிமனுக்கு மடித்துப் பெட்டிக்கு அடியில் திணித்தேன். சுவரைத் தொடாமல் பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்தேன். மிச்ச வேலையை முடித்துச் சிடியைச் செருகியபோது கரண்ட் போனது. மறுநாள் விடிந்த பிறகுதான் வந்தது.

வியாழன் காலை கரையில் ஒரே கூச்சல். அப்பாவின் வள்ளத்துக்கும் நல்ல பாடு, வலை நிறையச் சாளை மீன். மெஷின் நிறுத்தாமல் ஐஸ் பொடித்தது. விளக்கில் எண்ணெய் நடுங்கியது. பத்தரை மணி பஸ்ஸை விட்டால் கல்லூரியில் நேரத்துக்குக் கொடுக்க முடியாது. எழுது என்று அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் நீலக்கோடு நகர்ந்தது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. கடந்து போனது.

இடுப்பில் ஈரச் சாரத்தோடு அப்பா வாசலில் வந்து நின்றார். "ஓடுதா?"

"ஓடுது. ஒங்க வலைதான் தாங்குது."

"அது கிழிஞ்ச வலையில்லா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

தட்டு வெளியே வந்தது. சிடி சூடாக இருந்தது. அம்மா கையில் நூலோடு நின்றிருந்தாள்.

"கெட்டுதா? குடு. அந்தக் கடைசி ஓரத்துல ஒண்ணு கொறையுது, காக்கா அது வழியாத்தான் வருது."

"இது கெடல்லம்மா. நல்லது."

"சே" என்று நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிடியை வாங்கி முந்தானையால் ஒரு துடை துடைத்துத் திருப்பித் தந்தாள். "போ, பஸ்ஸு வந்திரும்."