ஆம்பூர்க் கொடியின் மேல்பட்டை

1931-ஆம் வருஷம், ஆகஸ்டு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வேலூரில் ஜட்கா ஏறினேன். காட்பாடி ஸ்டேஷனுக்கு ஐந்து மைல். ஆறணா கேட்டவன் நாலணாவுக்கு வந்தான். மடியில் சென்னையில் தைத்த புதுக் கொடி இருந்தது. பம்பாயில் தலைவர்கள் கூடித் தேசியக் கொடியை மாற்றியிருந்தார்கள். ஞாயிறன்று ஊர்தோறும் ஏற்ற வேண்டும். ஆம்பூரில் தோல் பதனிடுவோர் தெருவில் பறக்கும் பழையதை இறக்கி, புதியதை அங்கே கொடியைப் பார்த்துக்கொள்ளும் ஆசீர்வாதத்திடம் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. ஐந்து நிமிஷக் காரியம் என்றுதான் நினைத்தேன்.

காட்பாடியிலிருந்து ஆம்பூர் ரயிலில் முப்பத்திரண்டு மைல். எதிரே இருந்த தோல் வியாபாரி பாய், பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னார்.

"இன்னாங்க, மறுபடியும் மாத்திட்டீங்களா? முன்ன தாமரையெல்லாம் போட்டு ஒண்ணு இருந்துச்சே?"

"அது வங்காளத்துல, பாய். பச்ச, மஞ்ச, செவப்பு. அப்புறம் பத்து வருஷமா வெள்ள, பச்ச, செவப்பு. இப்போ காவி, வெள்ள, பச்ச."

முன்பு சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, உச்சியில் உள்ள வெள்ளை மற்ற மதத்தாருக்கு என்று ஊர் ஊராய்ச் சொல்லி வந்தோம். இனி எந்த நிறமும் எந்த மதத்துக்கும் இல்லை; காவி தியாகம், வெள்ளை சத்தியம், பச்சை நம்பிக்கை. இதை அவரிடம் ஒப்பித்தேன்.

"நல்லதுதான். ஆனா பேஜாரு புடிச்ச வேலைங்க" என்று சிரித்தார்.

பத்தரை மணிக்கு ஆசீர்வாதத்தின் வீட்டு வாசலில் நின்றேன். தோலை ஊறவைக்கும் பட்டைத் தொட்டியில் வேலை செய்து முழங்கை வரை மஞ்சள் ஏறிய கிறிஸ்தவர். போன வருஷம் தடியடியில் கொடியை விடாமல் பிடித்ததில் வலது தோள் முறிந்தது. வேலூர் ஜெயிலில் ஆறு மாதம் இருந்தார். அவர் வராவிட்டால் ஞாயிறன்று அந்தத் தெருவில் ஒருவரும் வரமாட்டார்கள்.

புதுக் கொடியைத் தொடாமலே கேட்டார்: "வெள்ள எங்கீது?"

"நடுவுல."

"எங்கள மாதிரி வேதக்காரங்க கம்மிதான், ஆனாலும் உங்களத் தலைல வெச்சிருக்கோம்னு நீங்கதான சொன்னீங்க? அத நம்பித்தான் தோளக் குடுத்தேன். இப்போ எறக்கிட்டீங்க."

"இனிமே அது எல்லாருக்கும் பொதுங்க."

"அப்போ அன்னிக்கு நான் இன்னாத்துக்கு அடி வாங்குனேன்?"

புதுக் கொடியை மடித்து வைத்துவிட்டு அன்றிரவு அவர் திண்ணையிலேயே தங்கினேன். எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் மனைவி எஸ்தர் பழைய கொடியை இறக்கி, புதியதன் பக்கத்தில் விரித்தாள். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தாள்.

"கீழ கீற செவப்பப் பிரிச்சுட்டு மேல காவி ஒண்ணு தச்சா ஆச்சு. வெள்ளையும் பச்சையும் அப்பிடியே கெடக்கட்டுமே."

உண்மைதான்! சென்னையில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. ஆசீர்வாதம் பழைய கொடியில் தடி கிழித்திருந்த இடத்தைத் தடவினார். பிறகு, "அந்தக் காவிய நான் தோய்க்கிறேன்" என்றார். "கடத்தெருப் பெரிய மனுசங்க நம்ம தெருப்பக்கம் வந்தா மூக்கப் பொத்துறாங்க. நம்ம தொட்டித் தண்ணில தோஞ்சதக் கும்புடட்டும்."

தொட்டியிலிருந்து ஆவாரம்பட்டைச் சாற்றை மண்பானையில் மொண்டு வந்து, காவிக்கல்லை உரைத்துக் கலக்கி, வெள்ளைக் கதரை முக்கினார்கள். உதவுகிறேன் பேர்வழி என்று நான் இரும்புக் கரண்டியை எடுத்தேன். எஸ்தர் பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"இரும்பு பட்டா கறுத்துடுங்க! கறுப்புக் கொடியா ஏத்தப் போறீங்க?"

சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. எஸ்தர் தைத்தாள். வெளுத்துப்போன ராட்டையை வெள்ளைப் பட்டையில் புதிதாக வரைந்தது மட்டும் என் பங்கு. தடி கிழித்த இடத்தைத் தைக்க வேண்டாம் என்று ஆசீர்வாதம் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணி. தெரு முழுக்க வந்திருந்தது. கடைத்தெருப் பெரிய மனிதர்களும் வந்தார்கள். ஆசீர்வாதம் இடது கையால் கயிற்றை இழுத்தார். வலது கை எழும்பவில்லை. எஸ்தர் கூடப் பிடித்தாள். ஈரக்காற்றில் கொடி விரிந்ததும் பட்டைத் தொட்டி வாடை எங்கள் எல்லோர் மேலும் இறங்கியது. பெரிய மனிதர்களின் கைகள் மூக்குக்குப் போயின. ஆனால் கும்பிட வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டும். ஒவ்வொருவராக மூக்கிலிருந்து கையை எடுத்தார்கள்.

நானும் எடுத்தேன். வந்த நாள் முதல் அந்தத் தெருவில் என் ஒரு கையும் மூக்கின் மேல்தான் இருந்திருக்கிறது.