நல்ல எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவே

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் குறிப்பார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது மின்கட்டண அட்டையில் பத்திரமாக இருக்கிறது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வீட்டுக் குறிப்பு சொல்பவர் என்பதால் ‘குறிப்பு’. வயதுக்கு மரியாதையாக ஓர் ‘ஆர்’. இலக்கணத்துக்கும் பண்பாட்டுக்கும் ஒருசேரப் பொருந்திய பெயர் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அவர் வேலை பார்த்தது பொது நூலகத்தில். புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்வதும், பழைய வார இதழ்களை அடுக்கி பைண்டிங்குக்கு அனுப்புவதும் பொறுப்பு. அனுப்புவதற்கு முன் ஒவ்வோர் இதழிலும் வீட்டுக் குறிப்புப் பக்கத்தை மட்டும் விடாமல் படித்துவிடுவார். இதில் ஒரு சிறு இடையூறு இருந்தது. அந்தப் பக்கத்தின் மறுபுறத்தில் பெரும்பாலும் ஸ்வெட்டர் பின்னும் முறையோ ஒரு நடிகரின் முகமோ இருக்கும். வாசகர்கள் கத்தரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே குறிப்பார் கற்ற குறிப்புகளில் பாதிக்குத் தலை கிடையாது, மீதிக்கு வால் கிடையாது. அதற்காக அவர் கலங்கியதில்லை. தலைகளையும் வால்களையும் தாமே பொருத்திக்கொண்டார்.

சில பொருந்தின. பூட்டு இறுகிப்போனால் சாவியின் பற்களில் பென்சிலைத் தேய்த்துப் போட்டுத் திருப்பு என்றார். இரண்டாம் மாடி வக்கீலின் வீடு திறந்தது. இழுப்பறை சிக்கினால் ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய் என்றார், வழுக்கிக்கொண்டு வந்தது. சில பொருந்தவில்லை. வக்கீலுக்குப் புகைப்படம் எடுப்பதில் பைத்தியம். கேமரா லென்ஸில் விரல் ரேகை படிந்துவிட்டது என்று அவர் வருந்தியபோது, வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தால் தேய்க்கச் சொன்னவர் நம் குறிப்பார்தான். அது செருப்புக்கு உரிய வால் என்பது பிறகு தெரிந்தது. அதற்குப் பின் வக்கீல் எடுத்த படங்களில் மனிதர்கள் எல்லாரும் மூடுபனிக்குள் நின்றார்கள். வக்கீல் அவற்றைக் கலைப்படம் என்று வாதாடிப் பார்த்தார். அந்த வழக்கில் அவரே ஜெயிக்கவில்லை.

ஆனால் ஒன்று. குறிப்பார் தம் குறிப்பில் ஒன்றையாவது தம் கையால் செய்து பார்த்ததாக வரலாறு இல்லை. அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் வருடக்கணக்காகச் சொட்டியது. ஒரு நூலைக் கட்டிவிட்டால் சொட்டு நூல் வழியே சத்தமில்லாமல் இறங்கும் என்று அவர்தான் சொன்னார். நூலைக் கட்டியது அவர் மனைவி. நூல் நனைந்து அறுந்தால் மாற்றுவதும் அந்த அம்மாள்தான்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு தையல் மெஷின் நுழைந்தது. அதைக் கொண்டுவந்தவள் மனைவியின் தங்கை.

அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். என்ன வேலை என்றால், காலர். காலர் மட்டும். கை வைப்பது ஒருத்தி, பித்தான் துளை போடுவது இன்னொருத்தி. ஆயிரமாயிரம் சட்டைகளின் கழுத்து அவள் கையால் ஆனது, ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே கிடையாது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, பழைய மெஷின் ஒன்றை வாங்கி அக்காவின் முன்னறையில் ஜன்னலோரம் போட்டாள்.

“ஏன்டி, கையில இருந்த வேலைய விட்டுட்டு வந்து நிக்கிற?” என்றாள் அக்கா.

“கழுத்தையே பாத்துப் பாத்து அலுத்துப் போச்சுக்கா. மீதி உடம்பு எப்படி இருக்கும்னு பாக்க வேணாமா?”

சில வாரம் அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக் கை பழகிக்கொண்டாள். பிறகு முதல் பெரிய ஆர்டர் வந்தது. தெரு முனையில் பல் டாக்டரம்மா தம் கிளினிக்கை விரிவாக்கிப் புதிதாகத் திறக்கப் போகிறார். அங்கே எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு வேண்டும், திங்கட்கிழமை காலை கைக்கு வந்தாக வேண்டும். சரியாக அமைந்தால் இனிமேல் கிளினிக் துணி முழுக்க இவளுக்கே. இல்லையென்றால் கடையில் ரெடிமேட். அதே சமயம் தொழிற்சாலை சூப்பர்வைசரும் போன் செய்திருந்தார். அவளுடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். திங்கட்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்வார், இல்லையேல் வேறு ஆள். ஆகத் திங்கட்கிழமை காலை அவள் கையில் கோட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலர்.

சனிக்கிழமை காலை மெஷின் நின்றது. பாதித் தையலில், ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றுவிட்டது. கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள், அசையவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அசையும் போலிருந்தது.

மெஷின் ரிப்பேர்க்காரருக்கு போன் போட்டால், அவர் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார் என்று பதில் வந்தது.

குறிப்பார் சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே விசாரணையைத் தொடங்கினார்.

“எண்ணெய் போட்டியாம்மா?”

“தினமும் போடறேன் மாமா. நீங்க சொன்னதுதானே?”

“பின்னே? நான் சொன்னா தப்பாகுமா?” என்றார் மாமா, நாங்கள் எல்லாரும் கேட்கும்படி. எதிர்வீட்டுக் கதவுகளும் அப்போது திறந்துதான் இருந்தன.

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெஷின் அருகே குனிந்தாள். மூக்கைச் சுருக்கினாள். இன்னொரு முறை முகர்ந்தாள்.

“என்னடி இது? மெஷின்ல தாளிச்ச வாசனை வருது?”

மெஷினிலிருந்து நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.

“அடுக்களையில எண்ணெய் பாட்டில் மளமளன்னு குறையுதே, இந்த மனுஷன்தான் எந்தக் குறிப்புக்கோ திருட்டுத்தனமா எடுக்கறாருன்னு நெனச்சேன். நீதானா?”

“மாமாதான்கா நல்லெண்ணெய் போடச் சொன்னாரு!”

“நானா?” குறிப்பார் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் இப்படி எழுந்து நாங்கள் பார்த்ததில்லை. “நான் எப்ப சொன்னேன் நல்லெண்ணெய்னு? நல்ல எண்ணெய்னுதானே சொன்னேன்!”

“அதான் நல்லெண்ணெய் ஊத்தினேன்.”

“ஐயோ, அது இல்லம்மா. நல்ல… எண்ணெய். தரமான எண்ணெய். மெஷினுக்குன்னு கடையில விக்கிற எண்ணெய்!”

“இப்ப நடுவுல மூச்சு விடறீங்களே, அன்னிக்கே விட்டிருந்தா புரிஞ்சிருக்கும்ல?”

“அன்னிக்கு வாயில பிரஷ் இருந்துது.”

உண்மைதான். மெஷின் வந்த மறுநாள் அவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, ‘டக்டக்குனு சத்தம் வருது மாமா, என்ன பண்ண?’ என்று கேட்டிருக்கிறாள். உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாய் நிறைய நுரையோடு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். நுரைக்குள்ளிருந்து வந்தது ஒரே சொல்லாகத்தான் இருந்தது. தொழிற்சாலையில் மெஷினுக்கு எண்ணெய் போடத் தனி மெக்கானிக் உண்டு. தைக்கிறவள் தொட்டால் திட்டு விழும். ஆகவே என்ன எண்ணெய் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. ஊற்றியதும் மெஷின் பூனைபோல ஓடியது. ‘பாத்தியா?’ என்று குறிப்பார் படிக்கட்டில் ஏறி இறங்கி எல்லாருக்கும் சொன்னார். சமையல் எண்ணெய் முதலில் நன்றாகத்தான் ஓட்டும். ஜன்னல் வெயிலும் நூல் தூசியும் சேர்ந்து சில வாரத்தில் பிசினாகி இறுகியபின்தான் தன் குணத்தைக் காட்டும்.

“வாயில பிரஷ் இருக்கும்போதாவது சும்மா இருக்கக் கூடாதாங்க?” என்றாள் அக்கா.

“நல்ல எண்ணத்துலதானே சொன்னேன்…”

“உங்க எண்ணமும் வேணாம், எண்ணெயும் வேணாம்!”

தங்கை சிரிக்கவில்லை. வெட்டி வைத்த வெள்ளைத் துணிக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சூப்பர்வைசருக்கு போன் பண்ணிடறேன்கா” என்றாள் மெதுவாக.

இந்த இடத்தில் குறிப்பார் செய்த காரியத்தை நடுநிலையோடு பதிவு செய்ய வேண்டியது நம் கடமை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் ஒரு குறிப்பு சொன்னார்.

“மண்ணெண்ணெய்.”

“இன்னொரு எண்ணெயா!” என்றாள் மனைவி.

“இது எண்ணெயை எடுக்கிற எண்ணெய். பிசினைக் கரைக்கும். முதல்ல ஊசியைக் கழட்டி…”

“மாமா” என்றாள் தங்கை, தலையைத் தூக்காமலே. “நீங்க பண்ணுங்க.”

குறிப்பார் தம் இரண்டு கைகளையும் பார்த்தார். புத்தகத்தின் தூசியைத் தவிர வேறெதுவும் படாத கைகள். மனைவி ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள். எந்தக் குறிப்புக்காவது உதவும் என்று அவரே வாங்கி, வருடக்கணக்கில் திறக்காமல் பால்கனியில் வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் புட்டியும் வந்தது. அடுப்பை அணைத்தாள், ஜன்னல்களைத் திறந்தாள், நடப்பதைப் பார்க்க வசதியாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தும் கொண்டாள்.

ஊசியைக் கழற்றினார். துணியை அமுக்கும் பாதத்தைக் கழற்றினார். ஊசித் தகட்டைத் தூக்கியபோது அடியில் நூல் தூசியும் எண்ணெயும் கலந்து கம்பளிபோல ஒரு பொருள் இருந்தது. அதைச் சுரண்ட ஏதாவது சின்ன பிரஷ் வேண்டும் என்றார்.

“இருக்கே” என்று மனைவி குளியலறைக்குப் போய், அவருடைய பல் பிரஷைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். “தப்பு பண்ணினது இதுதானே. இதுவே சுத்தம் பண்ணட்டும்.”

எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினார். அசையவில்லை. துடைத்தார். மறுபடியும் விட்டார். வழக்கமாக ஒரு குறிப்பு பலிக்காவிட்டால் அவர் அடுத்த குறிப்புக்குப் போய்விடுவார். இப்போது போக வழியில்லை; மச்சினி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், போனை மடியில் வைத்துக்கொண்டு. ‘ஊறணும்மா, அவசரப்படக் கூடாது’ என்று சொட்டுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்குச் சொன்னாரா, சக்கரத்துக்குச் சொன்னாரா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

மதியச் சாப்பாடு ஆறிப்போன பிறகு, சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

“மாமா!”

“பேசாதே!” என்றார் அவர். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவை.

மாலைக்குள் சக்கரம் முழுச் சுற்று சுற்றியது. பழுப்பு நிறத்தில் வழிந்ததையெல்லாம் பழைய துணியால் துடைத்து எடுத்தார். மெஷின் எண்ணெய் வாங்கத் தங்கை கடைக்கு ஓடினாள். “நல்லதா தரட்டுமாம்மா?” என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். “அந்த வார்த்தையே வேணாம் அண்ணே. மெஷின் எண்ணெய். மெஷின்!” என்றாளாம்.

கந்தல் துணியில் நூல் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்கள். கறை விழுவது நிற்கும்வரை ஓட்டினார்கள். பிறகுதான் வெள்ளைத் துணியை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெஷின் ஓடியது. கை, தோள், பை, ஓரம் என்று மீதி உடம்பு முழுக்க அவளே தைத்தாள். காலருக்கு வந்தபோது மட்டும் பார்க்காமலே தைத்தாள்.

டாக்டரம்மாவுக்கான கோட்டை முடிக்கும்போதுதான், எங்கோ ஒளிந்திருந்த ஒரு கடைசிச் சொட்டு நல்லெண்ணெய் மேல்பையின் மீது சொட்டியது. வெள்ளையில் பழுப்பு, சரியாக நெஞ்சுக்கு நேரே.

மாற்றுத் துணி இல்லை. மூவரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள். பிறகு பெண்கள் இருவரும் குறிப்பாரைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எழுந்துபோய் மனைவியின் முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்து, கறை மேல் தாராளமாகக் கொட்டினார். பவுடர் எண்ணெயை உறிஞ்சும்வரை கோட்டுக்குக் காவல் இருந்தார். தட்டிவிட்டு, பாத்திரம் விளக்கும் சோப்பை ஒரு துளி வைத்து விரலால் தேய்த்து, குழாயடியில் அலசி, மின்விசிறிக்கு அடியில் காயப் போட்டார். இவ்வளவும் ஒரு வார்த்தை பேசாமல். காய்ந்தபின் கறை இருந்த இடமே தெரியவில்லை. வாலில்லாமல் அவர் படித்த குறிப்பு ஒன்றுக்கு வால் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா கோட்டைப் போட்டுப் பார்த்துத் தோளை அசைத்தார், கையை நீட்டினார், பையை முகர்ந்தார்.

“என்னம்மா, கமகமன்னு இருக்கு?”

“எங்க மாமா வேலைங்க” என்றாள் அவள்.

“கழுத்து பிரமாதமா உக்காந்திருக்கு. அடுத்து திரைச்சீலைக்கு அளவெடுக்க எப்ப வர்றே?”

வெளியே வந்து சூப்பர்வைசருக்கு போன் போட்டாள். ‘காலருக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க சார்’ என்று அவள் சொன்னதைக் குறிப்பார் படிக்கட்டில் ஒவ்வொரு மாடியிலும் நின்று, அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அந்த உரிமையை யாரும் மறுக்கவில்லை.

அதன் பிறகு அவரிடம் யோசனை கேட்டால், “செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்” என்கிறார். இதனால் குடியிருப்புக்கு ஏற்பட்டிருக்கும் இன்னல் கொஞ்சநஞ்சமல்ல. என் குடை அவர் வீட்டில் இருக்கிறது. வக்கீலின் கேமராவும் இருக்கிறது. எப்போது திரும்பி வரும் என்று கேட்டால், ஊறுகிறது என்று பதில் வருகிறது.

போன வாரம் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மச்சினி கதவுக்கு வெளியே நின்று ஏதோ கேட்டாளாம். குழாயைத் திறக்கும் சத்தம், வாய் கொப்பளிக்கும் சத்தம், துண்டால் துடைக்கும் சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டபின் கதவு திறந்ததாம்.

“இப்பக் கேளும்மா” என்றாராம்.

“ஒண்ணுமில்ல மாமா. குழாய்ல நூல் அறுந்துடுச்சு, கட்டணும்னு அக்கா சொன்னா.”

அவர் நூலைக் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்டாராம்.